கனடாவுக்குப் போகாத சீவரத்தினம்

சீவரத்தினம் எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் நோய் விடுதிக்கு வந்த காலையில் அவருடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்கள்கூடப் பூட்டியிருந்தன. சித்திரை வெயில். மின்விசிறிக்குக் கீழே நின்ற எனக்கே வேர்த்து ஊற்றியது. அந்த மனிதரோ உடம்பு நடுங்க, கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரிக் கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

"ஐயா, சட்டையைக் கழட்டுங்கோ. டொக்டர் பாக்கோணும்" என்றேன்.

"திரை இருக்கோ மிஸ்?"

"இழுத்து விட்டிருக்கிறன்."

"மற்றப் பக்கமும் இழுங்கோ."

இழுத்தேன். "யன்னல்?" என்றார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "யன்னலுக்கு வெளியிலை வேப்பமரம்தான் ஐயா நிக்குது. அது ஒருத்தருக்கும் சொல்லாது" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். நெஞ்சு, முதுகு, தோள், வயிறு எல்லாம் ஒரே சிவப்பு. அதன்மேல் வெள்ளைச் செதில். சட்டையை இழுத்ததும் கட்டில் விரிப்பில் தவிடு கொட்டியது போல உதிர்ந்தது. அவர் அதை உள்ளங்கையால் கூட்டிக் கூட்டித் தன் சட்டைப் பைக்குள் போடத் தொடங்கினார். அதைக் கண்டதும் என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"விடுங்கோ ஐயா. கூட்டுறதுக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்" என்றேன்.

என் பெயர் ஸ்ரெல்லா. குருநகர் ஆள். இருபத்திரண்டு வருடமாகத் தாதி, அதில் ஒன்பது வருடம் தோல் விடுதியில். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், விடுதியிலும் சொல்வார்கள். இருக்கட்டும். இங்கே நோயாளி பார்க்க வருகிறவர்களைக் கண்டால் உங்களுக்கும் வாய் நீளும். தோடம்பழப் பையை லொக்கரின் மேல் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து மூன்று முழம் தள்ளி நின்று "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்பார்கள். கதிரையைக் காட்டினால், "வேண்டாம் மிஸ், இருந்து இருந்து நாரி நோகுது" என்பார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவருக்கு உட்கார்ந்து எப்படி இடுப்பு நோகும்?

சீவரத்தினத்துக்கு வந்தது சொரியாசிஸ். தோல் தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் வளர்ந்து, சிவந்து தடித்து, செதிலாக உதிரும் நோய். அது ஒட்டாது. கலியாண வீட்டிலும் சொல்வேன், செத்த வீட்டிலும் சொல்வேன்: ஒட்டாது, ஒட்டாது, ஒட்டாது. ஆனால் முற்றாக விட்டுப் போகிற நோயும் அல்ல. வரும், அடங்கும், நினைத்தால் திரும்பி வரும்.

அவருக்கு அறுபத்தொரு வயது. இணுவில் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் போட்டு வாழ்ந்த மனிதர். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் கைவிட்டதும் தகப்பன் மண்வெட்டியைக் கையில் கொடுத்தாராம். "அண்டைக்குப் பிடிச்சது மிஸ், இன்னும் விடேல்லை" என்று பெருமையாகச் சொல்வார். குணலட்சுமியைக் கட்டி எட்டு வருடம் பிள்ளை இல்லை. பிறகு பிறந்த ஒரே மகள் தர்சினி. அவளைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும், வளர்ந்த பிறகு மோட்டார் சைக்கிளில் நல்லூருக்கு ரியூசனுக்கும் ஏற்றி இறக்கி, பட்டதாரி ஆக்கிவிட்டார். அவளுக்கு இப்போது அரசாங்க உத்தியோகம். மகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மனிதருக்கு ஊசி குத்துவதுகூடத் தெரியாது. நான் அந்த நேரம் பார்த்துத்தான் குத்துவேன்.

ஐம்பதாவது வயதில் முழங்கையில் ஒரு காசளவு சிவப்பு வந்தது. பிறகு முதுகில். எங்கள் பக்கத்துச் சைவக் கோயில்களில் ஆண்கள் சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். திருவிழாவில் சுவாமியைத் தோளில் தூக்கிக் காவுகிறவர்கள் வெறும் மேலோடு, தோளோடு தோள் உரச நின்று காவுவார்கள். பதினெட்டு வயதிலிருந்தே சீவரத்தினத்துக்கு முன் தடியில் ஓர் இடம் இருந்தது. அந்த வருடம், அவருக்குப் பக்கத்தில் காவியவர் அடுத்த நாள் பின் தடிக்குப் போய் நின்றார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாறி நின்றார், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் சீவரத்தினம் கோயில் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போட்டார். பதினொரு வருடம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் வார்த்தார்; தான் உள்ளே போகவேயில்லை. ஊர் அவரைப் பெரிய தொண்டர் என்று புகழ்ந்து, ஒரு வருடம் பொன்னாடையும் போர்த்தியது. "சட்டைக்கு மேலாலை போத்தினபடியாத் தப்பினன்" என்று எனக்குச் சொன்னார். வெங்காயத் தோட்டத்துக்கும் முழுக்கைச் சட்டைதான், பொத்தான் பூட்டித்தான். ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'மனேச்சர்'.

இந்த வருடம் தர்சினிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை நல்லூர், பெயர் கோபிசங்கர், வங்கியில் வேலை. ஆனி மாதத்தில் நாள் வைத்தார்கள். மணவறையில் பெண்ணின் தகப்பன் வேட்டி உடுத்து, சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மேலோடு நின்று, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும். சீவரத்தினம் ஒரு நாள் சாப்பாட்டு நேரம், பந்தல்காரனைப் பற்றிக் கதைப்பது போல, "தாரை வாக்கிறதைச் சித்தப்பா செய்யட்டும்" என்றார். சித்தப்பா என்றால் அவருடைய தம்பி. தர்சினி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நீங்கள் தராட்டி நான் கையை நீட்ட மாட்டன் அப்பா. மணவறையிலை அப்பிடியே இருப்பன்."

மகளின் பிடிவாதம் அவருக்குத் தெரியும். அது அவர் கொடுத்த சீதனம்தானே. போனில் வந்த ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து, பெயரும் ஊரும் இல்லாத குளிசைப் போத்தல் ஒன்றை எடுப்பித்து, விழுங்கத் தொடங்கினார். பத்து நாளில் தோல் வழுவழுவென்று வந்துவிட்டது. அறையைப் பூட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல் கண்ணாடிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றாராம். குளிசை முடிந்ததும் விட்டுவிட்டார். ஒரு கிழமையில், முதுகோடும் முழங்கையோடும் இருந்த நோய் தலையிலிருந்து கால்வரை பற்றி எரிந்தது. அப்படித்தான் நடுங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்தக் குளிசையை விற்றவன் மட்டும் என் கையில் அகப்பட்டால்... சரி, மாதா மன்னிக்கட்டும், எழுதவில்லை.

டொக்டர் பார்த்துவிட்டு, "மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இங்கே இருக்க வேண்டும்" என்றார்.

"கலியாணத்துக்கு நாப்பத்தெட்டு நாள் கிடக்கு டொக்டர். சட்டை கழட்டுற மாதிரி வருமோ?"

"வரும் என்று முயற்சி செய்வோம். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டொக்டர். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதில் சீவரத்தினம் உறுதியாக இருந்தார். தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், கலியாணம் குழம்பும். ஆகவே வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம், "கொழும்பிலை ஒரு அலுவல், கொஞ்ச நாள் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனையும் நிறுத்திவிட்டு வந்தார். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்த வேலை.

நாலாம் நாள் மாலை குணலட்சுமி சாப்பாட்டுப் பையோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசா கிடைச்சிட்டுதாம்."

"எங்கை போக?"

"கனடாவுக்கு."

"ஆர் சொன்னது?"

"முழு இணுவிலும் சொல்லுது. கலியாணத்துக்கு முதல் போய் வந்திடுவியளாம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் 'கொழும்பில் அலுவல்' என்று சொல்லிப் போனை நிறுத்தினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். விசா விஷயத்தை விமானம் ஏறும்வரை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை, கண்ணூறு பட்டுவிடும். ஆகவே எவ்வளவுக்கு மழுப்புகிறார்களோ அவ்வளவுக்கு அது உறுதி.

"நீ இல்லையெண்டு சொல்லுறதுக்கென்ன?"

"இல்லையெண்டால் ஆள் எங்கையெண்டு கேப்பினமே! நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. சும்மா சிரிச்சனான்."

"சிரிச்சனியோ? கெட்டுது போ!" என்று தலையில் கை வைத்தார் சீவரத்தினம். சிரித்தால் முடிந்தது. விசா குத்தியாயிற்று.

அடுத்த நாளிலிருந்து பார்சல்கள் வரத் தொடங்கின. கனடாவில் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மிளகாய்த்தூள். அங்கே காசுக்கு வாங்கலாம்தான். ஆனால் தாய் வறுத்த தூளுக்கு ஈடாகுமா? தூளோடு ஒடியல்மா, மோர்மிளகாய், வடகம், நல்லெண்ணெய்ப் போத்தல். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் ஸ்காபரோ, மார்க்கம், மொன்றியல் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒருவர் லண்டனில் இருக்கும் மகளுக்கும் ஒரு பார்சல் தந்திருக்கிறார். கனடா போகிற வழியில்தானே லண்டன் என்றாராம். கலியாண உடுப்புகள் வைத்திருந்த அறை முழுக்கத் தூள். தர்சினிக்குத் தும்மித் தும்மி மூக்குச் சிவந்துவிட்டது. குணலட்சுமி நாள்தோறும் எங்களிடம் வருவதற்குக் கோயிலைச் சாட்டினார். விசா கிடைத்ததற்கு நேர்த்திக்கடன் செலுத்துறா என்று அதற்கும் ஊர் விளக்கம் வைத்திருந்தது.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் செபநாயகம். மயிலிட்டிக் கடற்றொழிலாளி. இரண்டு பாதமும் வெடித்துப் புண்ணாகி, முதுகிலும் சொறியோடு வந்து படுத்திருந்தார். அவருக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். விடிந்தால் போதும், "அண்ணை, ரொறன்ரோவிலை இண்டைக்குக் குளிர் எப்பிடி?" என்பார். சீவரத்தினம் போர்வையை இழுத்தால், "ஐயோ, அங்கை பனி கொட்டுது போல" என்பார். எனக்கு மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

எங்கள் விடுதியில் காலை வேலை இதுதான்: குளித்துவிட்டு வந்து, ஆளுக்கு ஆள் பூச்சு மருந்தை அப்பிக்கொண்டு, அது ஊறும்வரை இடுப்பில் சாரத்தோடு மட்டும் இருக்க வேண்டும். நடுக்கம் நின்ற பிறகு சீவரத்தினத்துக்கும் தார் கலந்த மருந்து தொடங்கினோம். அது புதிதாகப் போட்ட தெரு மாதிரி மணக்கும். பன்னிரண்டு ஆண்கள் வெறும் மேலோடு மினுங்கிக்கொண்டு, பத்திரிகை வாசித்து, அரசியல் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். முதல் கிழமை சீவரத்தினம் திரைக்குப் பின்னால்தான். இரண்டாம் கிழமை பத்திரிகையின் நடுப்பக்கத்துக்காக வெளியே வந்தவர், திரும்பிப் போக மறந்துவிட்டார். அன்று செபநாயகத்தின் முதுகில் கை எட்டாத இடத்தில் சீவரத்தினமே மருந்து பூசிவிட்டதை நான் கண்டேன். காணாத மாதிரிப் போனேன்.

"தாரை வாக்கிறதுதான் பிரச்சினையெண்டால் எங்கடை கிறிஸ்தவ வேதத்துக்கு வாங்கோ அண்ணை" என்றார் செபநாயகம். "எங்கடை கோயில்லை தேப்பன் கோட்டும் சூட்டும் போட்டுத்தான் மகளைக் கொண்டு போறவர். ரை கூடக் கட்டலாம்."

"எங்கடை முருகன் கோவிப்பார்."

"பதினொரு வரியமா வாசல்லை மோர் வாத்துக்கொண்டு உள்ளுக்குப் போகாத ஆளோடை அவர் இன்னும் கோவிக்காமலோ இருக்கிறார்?"

விடுதியே சிரித்தது. சீவரத்தினமும் சிரித்தார். செதில் குறையத் தொடங்கியிருந்தது. தோள்களில் நல்ல தோல் தெரிந்தது.

பதினாறாம் நாள் மாலை, பார்வையாளர் நேரம். கட்டையான ஒரு பெண்மணி, மூக்குத்தி மின்ன, கையில் குடையோடு விடுதிக்குள் நுழைந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சீவரத்தினம் கண்டார். கண்ட வேகத்தில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடினார்.

"மிஸ்," என்றார் உள்ளேயிருந்து, மெல்லிய குரலில், "மாப்பிள்ளையின்ரை தாய்."

தயாளினி என்று பெயர். நல்லூரில் அந்த வாய்க்கு முன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று குணலட்சுமி சொல்லியிருந்தார். அந்த அம்மா வந்து கட்டிலடியில் நின்றார்.

"இதிலை இருக்கிறவர் ஆர்?"

"அவர் கனடா போட்டார் அக்கா" என்றார் செபநாயகம்.

"கனடா போனவரின்ரை கால் ரெண்டும் வெளியிலை நீட்டிக்கொண்டு கிடக்குது!" என்று குடையால் கட்டில் கம்பியில் தட்டினார் தயாளினி. "அண்ணை, எழும்புங்கோ. நித்திரை இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

போர்வை மெல்ல இறங்கியது. மருந்து அப்பிய முகத்தில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

"என்ரை தூள் எங்கை?"

"என்ன?"

"தூள்! மூண்டு கிலோ. என்ரை மூத்தவனுக்கெண்டு நானே மிளகாய் தெரிஞ்சு, கழுவி, ரெண்டு நாள் வெய்யிலுக்குள்ளை நிண்டு காயவைச்சு, வறுத்து இடிப்பிச்சுத் தந்தனான். பிளேன் எண்டைக்கு எண்டு கோபியைக் கேட்டால் பெடியன் முழிக்கிறான். பிறகுதான் வாய் திறந்தான். அது உங்கடை அறைக்குள்ளை கிடந்து பூஞ்சணம் பிடிக்கட்டும் எண்டே நினைச்சனீங்கள்?"

சீவரத்தினம் எழுந்து இருந்தார். சட்டையைத் தேடிக் கை போனது. மருந்துக்கு மேலாகப் போட முடியாது. வெறும் மேலோடு, அகப்பட்ட கள்ளன் மாதிரி இருந்தார்.

"அப்ப கலியாணம்..." என்றார்.

"கலியாணத்துக்கென்ன?"

"இந்த வருத்தம்..."

"உங்கடை மோள் கோபிக்குப் பொருத்தம் பாக்க முந்தியே சொன்னவ. அவன் அண்டைக்கே எனக்குச் சொன்னவன்."

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? எனக்குப் பன்னிரண்டு வரியமாச் சீனி வருத்தம், நாள் தவறாமல் குளிசை. நீங்கள் ஒருநாளாவது கேட்டனீங்களோ?" என்றவர், "காலைக் கொஞ்சம் தள்ளுங்கோ, ஓட்டோவிலை குலுங்கி வந்து எனக்கு நிக்கேலாது" என்று சொல்லி, தார் பூசிய அந்தக் காலைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, கட்டிலில் இருந்தார்.

நோயாளியின் கட்டிலில் பார்வையாளர் இருக்கக்கூடாது. அது சட்டம். ஒன்பது வருடமாக நான் கத்திக்கொண்டிருந்தது கதிரையில்கூட இருக்காதவர்களைப் பார்த்துத்தான்; கட்டிலில் இருந்தவர் இவர்தான் முதல். அந்த அம்மாவின் நல்ல சேலையில் தார் அப்பிக்கொண்டது, அவர் அதைப் பார்க்கவுமில்லை. எனக்கு அழுகை வந்தது. போய் மருந்து அலுமாரியைத் திறந்து ஒன்றையும் தேடாமல் தேடினேன்.

தயாளினி வாயில் விஷயம் தங்காது. அடுத்த நாள் மாலை பாதி இணுவில் எங்கள் விடுதியில் நின்றது. சுகம் விசாரித்தார்கள், பிறகு மெல்லத் தூளைப் பற்றி விசாரித்தார்கள். "எங்கடை பார்சலைக் குணலட்சுமியக்கா தருவாவோ, அல்லது நீங்கள் எப்பவாவது போவியளோ?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "முதுகிலை சொறி இருக்கெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியுமே மனேச்சர், பிறகென்னத்துக்குக் கொழும்புக் கதை?" என்று கோபித்தார். கதிரைக்குச் சண்டை பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் வந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் சொன்னேன், "பாத்தீங்களே, எல்லாருக்கும் தெரியும். இனி என்ன பயம்? நீங்களே தாரை வாக்கலாம்."

சீவரத்தினம் தலையை ஆட்டினார். "தெரியிறது வேறை மிஸ். பாக்கிறது வேறை."



இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார். முதுகு பளிச்சென்று இருந்தது. பூச்சு மருந்தும் கிழமைக்கு ஒருதரம் போடும் குளிசையும் கொடுத்து, இரண்டு நேரமும் பூச வேண்டும், மறந்தால் வீட்டுக்கு வந்து ஏசுவேன் என்று சொல்லி அனுப்பினேன். கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது போன் வந்தது.

"மிஸ், திரும்பி வந்திட்டுது."

"எங்கை?"

"முதுகிலை ரெண்டு. சாப்பாட்டுக் கோப்பையளவு. தோளிலை ஒண்டு."

"மருந்து பூசினீங்களோ?"

"கலியாண வேலை மிஸ்..." என்றார்.

ஏசினேன். நன்றாக ஏசினேன். போனை வைத்துவிட்டு என்னையும் ஏசினேன். மகளைக் கட்டிக் கொடுக்கிற மனிதனுக்குப் பந்தலும் சமையலும் ஐயரும் தலைக்குள் நிற்கும்போது முதுகு நினைவுக்கு வருமா? வந்தாலும் தன் முதுகுக்குத் தன் கை எட்டுமா?

கலியாணம் இணுவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் போனேன். செபநாயகம் கோட்டு சூட்டோடு, ரை கட்டி, ஆறின பாதத்தில் புதுச் சப்பாத்தோடு வந்திருந்தார். சீவரத்தினம் என் கதிரைக்குப் பக்கத்தில் தூணோரமாக நின்றார். பட்டு வேட்டி, பட்டில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் பூட்டியிருந்தது. அவருடைய தம்பியார் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டி, மணவறைக்குப் பக்கத்தில் ஆயத்தமாக இருந்தார்.

"பொம்பிளையின்ரை தகப்பனார் வாங்கோ" என்றார் ஐயர்.

தம்பியார் எழுந்து போய் நின்றார். குணலட்சுமி தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றார். ஐயர் தர்சினியைப் பார்த்து, "கையை நீட்டுங்கோ பிள்ளை" என்றார்.

தர்சினி நீட்டவில்லை. மடியில் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். ஐயர் இரண்டாம் தரமும் சொன்னார். மேளக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோபிசங்கர் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதலே தெரியும் என்று நினைக்கிறேன். "சுபநேரம் போகப்போகுது" என்று தயாளினி அடித்தொண்டையில் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது. சித்தப்பா பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

சீவரத்தினம் தூணை விட்டு நிமிர்ந்தார். "உவள் ஒருத்தி!" என்றார், எனக்குக் கேட்கும்படியாக. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். மூன்றாவது சிக்கிக்கொண்டது, இழுத்த இழுவையில் அது அறுந்து எங்கேயோ தெறித்தது. சட்டையை உருவி என் மடியில் எறிந்துவிட்டு, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். முதுகில் இரண்டு சிவப்பும் தோளில் ஒன்றும், மண்டபத்தின் அத்தனை வெளிச்சத்திலும் தெரிந்தன. மணவறை ஏறி, தம்பியாரை ஒதுக்கி, சபைக்கு நேரே நின்று கண்ணை இறுக மூடினார். அடி விழப் போகிறது என்று காத்து நிற்கிற மனிதன் அப்படித்தான் மூடுவான்.

தர்சினி தலை நிமிர்ந்து பார்த்தாள். கையை விரித்து நீட்டினாள். அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாகத்தான்.

அந்த நேரம் வீடியோக்காரன் கத்தினான்.

"ஐயா! உங்களைத்தான் ஐயா! கொஞ்சம் அங்காலை விலகித் திரும்பி நில்லுங்கோ! உங்களாலை பொம்பிளை மறையுது!"

சீவரத்தினம் கண்ணைத் திறந்தார். சபையைப் பார்த்தார். பதினொரு வருடமாக அவர் பயந்த அத்தனை பேரும் கழுத்தை இடமும் வலமும் நீட்டி, அவரைத் தாண்டிப் பொம்பிளையைப் பார்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் கையால் 'தள்ளு, தள்ளு' என்றுகூடக் காட்டினார். சீவரத்தினத்தின் வயிறு குலுங்கியது. முதலில் சத்தமில்லாமல், பிறகு வாய்விட்டு, ஐயர் மந்திரத்தை நிறுத்தி முறைக்கும்வரை சிரித்தார்.

"ஓம் தம்பி, ஓம். விலகிறன்" என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முழு முதுகையும் சபைக்குக் காட்டித் திரும்பி நின்றார். குணலட்சுமி தண்ணீரை வார்த்தார்.